ஆட்சி ஒரு பக்கம், எம்.எல்.ஏ. ஒரு பக்கம்... கூடலூர் தொகுதியை ஆட்டிவைக்கும் 'பிரிவு 17' என்ன?

2011 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க அதிமுக அலை. திமுகவுக்கு மிஞ்சியது வெறும் 23 இடங்கள். அந்த 23-ல் ஒன்று நீலகிரி மாவட்டத்தின் கூடலூர். 2016-ல் மறுபடியும் அதிமுக ஆட்சி, கூடலூரில் மறுபடியும் திமுகவின் திராவிடமணி. 2021-ல் ஆட்சி திமுக கைக்கு வந்தது. இப்போதாவது கூடலூர் ஆளுங்கட்சிப் பக்கம் சாய்ந்ததா என்றால், அதுவும் இல்லை. 2 ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் அதிமுகவின் பொன்.ஜெயசீலன் ஜெயித்தார்.

(தேனி மாவட்டத்திலும் ஒரு கூடலூர் இருக்கிறது. இது முதுமலையைத் தாண்டி, கேரளாவும் கர்நாடகாவும் தொட்டுக்கொண்டிருக்கும் நீலகிரி கூடலூர்.)

அதற்கு முந்தைய கதை நேர் எதிர். 1996-ல் திமுக ஆட்சி, எம்.எல்.ஏ. திமுகவின் பா.மு.முபாரக். 2001-ல் அதிமுக ஆட்சி, எம்.எல்.ஏ. அதிமுகவின் மில்லர். 2006-ல் திமுக ஆட்சி, எம்.எல்.ஏ. திமுகவின் கா.ராமச்சந்திரன். அவர் அந்த ஆட்சியில் கதர் துறை அமைச்சராகவும் இருந்தார். ஆக, 15 வருடம் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ., அடுத்து 3 தேர்தல்களிலும் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. இரண்டு வகையையும் பார்த்துவிட்ட ஊர் இது. இரண்டு காலத்திலும் அசையாமல் நின்ற விஷயம் ஒன்றுதான்: நிலம். கூடலூர், பந்தலூர் டீக்கடைகளில் 'செக்‌ஷன் செவன்டீன்' என்று சொன்னால் விளக்கம் தேவைப்படாது. வெளியூர்க்காரர்களுக்குத்தான் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

ஜென்ம நிலம் என்றால்?

இன்றைய கூடலூர், பந்தலூர் தாலுகாக்கள் ஒரு காலத்தில் வயநாட்டின் தென்கிழக்குப் பகுதி, அதாவது மலபார் மாவட்டம். 1877-ல் ஆங்கிலேய அரசு அதை நீலகிரியோடு சேர்த்தது. 1956-ல் மொழிவழி மாநிலப் பிரிப்பில் மலபார் கேரளாவுக்குப் போனது, கூடலூர் சென்னை மாநிலத்திலேயே நின்றது. ஆனால் நில உரிமை முறை மட்டும் பழைய மலபார் முறையாகவே தொடர்ந்தது. நிலத்தின் உச்ச உரிமையாளர் 'ஜென்மி'. இங்கே பெரிய ஜென்மி நிலம்பூர் கோவிலகம். தேயிலை, காபி தோட்ட கம்பெனிகள் கோவிலகத்திடம் நீண்டகாலக் குத்தகைக்கு நிலம் எடுத்திருந்தன.

இதை முடிவுக்குக் கொண்டுவரத்தான் 1969-ல் கூடலூர் ஜென்ம நிலங்கள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சுமார் 80 ஆயிரம் ஏக்கர் சம்பந்தப்பட்ட சட்டம். உடனே வழக்கு. 1972-ல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றது. காடுகளை அரசு எடுத்துக்கொள்ளும் பகுதியை மட்டும், அது நிலச் சீர்திருத்தம் ஆகாது என்று ரத்து செய்தது. 1974-ல் அரசமைப்பின் 34-வது திருத்தம் மூலம் மொத்தச் சட்டமும் 9-வது அட்டவணையில் வைக்கப்பட்டது. அப்படி வைத்துவிட்டால் நீதிமன்றம் கை வைக்க முடியாது என்பதுதான் அன்றைய நம்பிக்கை. அதே ஆண்டு நவம்பரில் சட்டம் அமலுக்கு வந்தது.

இந்தச் சட்டத்தின் 17-வது பிரிவுதான் சிக்கலின் மையம். ஜென்மியிடம் குத்தகைக்கு எடுத்துத் தோட்டப்பயிர் வைத்திருக்கும் நிலங்களை, பொதுநலனுக்குத் தேவை என்று அரசு கருதினால், குறைந்தது 3 மாத நோட்டீஸ் கொடுத்துத் திரும்ப எடுக்கலாம். அதுவரை கம்பெனிகள் குத்தகைக்காரர்களாகத் தொடரலாம். அதாவது ஜென்மி போய்விட்டார், ஆனால் அந்த இடத்தில் யார் என்று சட்டம் உறுதியாகச் சொல்லவில்லை. முடிவு தள்ளிப்போடப்பட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்

இந்த இடைவெளியில்தான் மனிதர்கள் வந்து குடியேறினார்கள். திருவிதாங்கூர் பக்கமிருந்து மலையேறிய மலையாள விவசாயிகள் ஒரு அலை. அடுத்தது இலங்கையிலிருந்து. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5 லட்சத்து 25 ஆயிரம் மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. அதுதான் பின்னாளில் டான்டீ. ஆனால் வந்தவர்கள் எல்லாருக்கும் டான்டீயில் இடமில்லை. வேலை கிடைக்காத குடும்பங்கள் எஸ்டேட் ஓரங்களில் குடிசை போட்டன. இவர்கள் எல்லாருக்கும் முன்பிருந்தே பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் பழங்குடிகளும் செட்டி சமூகத்தினரும் இங்கே வாழ்கிறார்கள். நிலப் பேச்சு வரும்போது அவர்கள் பெயர் கடைசியில்தான் வருகிறது.

பிரிவு 17 நிலத்தில் வீடு என்றால் பட்டா கிடையாது. பட்டா இல்லாததால் கரண்ட் இணைப்பு, அரசு வீட்டுத் திட்டம், வங்கிக் கடன் எல்லாவற்றுக்கும் அலைச்சல். ரேஷன் கார்டு உண்டு, வாக்காளர் அட்டை உண்டு. வருவாய்த் துறை பதிவேட்டிலும் வனத்துறை பேச்சிலும் மட்டும் 'ஆக்கிரமிப்பாளர்'. ஓட்டு கேட்க வரும்போது எந்தக் கட்சியும் அந்த வார்த்தையை உச்சரிக்காது.

டெல்லி வரை போன கூடலூர்

இந்தியாவின் இரண்டு பெரிய தீர்ப்புகளுக்கு வேர் இந்தச் சின்ன ஊரில் இருக்கிறது. முதலாவது ஐ.ஆர்.கோயல்ஹோ வழக்கு. ஜென்ம நிலச் சட்டத்தை 9-வது அட்டவணையில் ஒளித்து வைத்தது சரியா என்று கேட்டுப் போன வழக்கு அது. 2007 ஜனவரி 11 அன்று 9 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது: 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்த்த சட்டங்கள், அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மீறினால், நீதிமன்றம் விசாரிக்கலாம். சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கும் தீர்ப்பு. கூடலூர் வீடுகளுக்கு அதனால் பட்டா வரவில்லை.

இரண்டாவது, கூடலூர்க்காரர்கள் தினமும் உணரும் வழக்கு. கூடலூர் பகுதியில் மரங்கள் வெட்டப்படுவதைப் பார்த்து 1995-ல் உச்ச நீதிமன்றம் போனவர் டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு. நிலம்பூர் கோவிலகக் குடும்பத்தைச் சேர்ந்தவர்! 1996 டிசம்பர் 12 உத்தரவில், யார் பெயரில் இருந்தாலும் காடு என்ற சொல்லுக்குப் பொருந்தும் நிலம் எல்லாம் காடுதான் என்றது நீதிமன்றம். காட்டை அழித்துத் தோட்டங்களை விரிவாக்கக் கூடாது என்றும் சொன்னது. காடுகளுக்கு இது பெரிய பாதுகாப்பு, மறுக்க முடியாது. அதே நேரம், பிரிவு 17 நிலத்தை வீட்டுக்காரருக்குக் கொடுப்பதா, காட்டோடு சேர்ப்பதா என்ற கேள்வி வருவாய்த் துறையின் மேசையைத் தாண்டிப் போய்விட்டது. எம்.எல்.ஏ. நினைத்தால் முடியும் வேலையாக அது இல்லை.

யானைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. 2022-ல் பந்தலூர் பகுதியில் வீடுகளை உடைத்த 'பி.எம்.2' மக்னா யானையைப் பிடித்து முதுமலைக் காட்டில் விட்டார்கள். அது நடந்தே வயநாடு போய் சுல்தான் பத்தேரி டவுனுக்குள் நுழைந்தது.

தொகுதி மாறியது, வேட்பாளரும் மாறினார்

2008 மறுவரையறைக்கு முன் நீலகிரியில் தனித் தொகுதி குன்னூர். பிறகு குன்னூர் பொதுத் தொகுதி, கூடலூர் தனித் தொகுதி. 2006-ல் கூடலூரில் ஜெயித்த ராமச்சந்திரன் 2011-ல் குன்னூருக்குப் போனதற்குக் காரணம் இதுதான். தாயகம் திரும்பியோரில் பட்டியல் சமூகத்தினர் அதிகம் என்பதால், அவர்கள் ஓட்டுக்கும் அவர்கள் வேட்பாளருக்கும் எடை கூடியது. நிலம் இல்லாதவர்கள் சட்டமன்றத்துக்குப் போகும் வழி திறந்தது என்று சொல்லலாம். ஆனால் அந்த வழியில் போன எம்.எல்.ஏ.க்கள், இதுவரை பார்த்தபடி, எதிர்க்கட்சி வரிசையில்தான் உட்கார்ந்தார்கள்.

2022-ல் டான்டீயின் 2 ஆயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க திமுக அரசு முடிவெடுத்தபோது, எதிர்க்கட்சிகள் களத்தில் இறங்கியதும் அதனால்தான். நஷ்டத்தில் ஓடும் நிறுவனம், ஆள் பற்றாக்குறை என்பது அரசு சொன்ன காரணம். தொழிலாளர் கேட்டது வேறு: வேலையில் இருக்கும் வரைதான் லயன் வீடு. தோட்டமே காடாகிவிட்டால், இலங்கையிலிருந்து ஒருமுறை கிளம்பி வந்த குடும்பம் அடுத்து எங்கே கிளம்புவது?

17-வது பிரிவின் கீழ் நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் இன்றும் மாநில அரசிடம்தான் இருக்கிறது.