இறங்கிய கோடு ஏன் ஏறவில்லை?

ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியின் கீழே விடியற்காலையில் தொழிற்சாலை பஸ் வந்து நிற்கும். என் அம்மாவும் ஒரு காலத்தில் அதில் போனவர்தான். எஸ்.பி.எம். முடித்த கையோடு பாயான் லெப்பாஸில் வேலைக்குச் சேர்ந்தார். அக்கா பிறந்ததும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வேலையை விட்டார். பட்டதாரியான அக்காவும் சென்ற ஆண்டு அதே காரணத்தால் வேலையை விட்டார். அடுத்த ஆண்டு நான் பல்கலைக்கழகப் படிப்பை முடிக்கிறேன். ஆகவே, இது எனக்கு வெறும் கட்டுரைத் தலைப்பு அல்ல.

பினாங்கின் மின்னியல் தொழில் பெண்களின் உழைப்பில் வளர்ந்தது. 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியபோது, இன்டெல் உள்ளிட்ட நிறுவனங்களின் உற்பத்திப் பிரிவுகளை இளம் பெண்களே நிரப்பினர். நுண்ணோக்கியில் கண்பதித்து, முடியைவிட மெல்லிய கம்பிகளை இணைத்தவர்கள் அவர்கள். கம்பங்களிலிருந்து வந்த பலருக்கு அதுவே முதல் மாதச் சம்பளம்.

இன்று அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர்களைவிட மாணவிகளே அதிகம். ஆனால், நாட்டில் உழைக்கும் வயதுடைய ஆண்கள் 100 பேரில் 80-க்கும் மேற்பட்டோர் தொழிலாளர் சந்தையில் இருக்க, பெண்களில் ஏறக்குறைய 56 பேர்தான் இருக்கிறார்கள். படிப்பில் முந்தியவர்கள் வேலையில் எங்கே காணாமல் போகிறார்கள்?

வயதுவாரியாகப் பார்த்தால் விடை தெரியும். இருபதுகளின் பிற்பகுதியில் பெண்களின் பங்கேற்பு உச்சத்தைத் தொடுகிறது. திருமணம், பிள்ளைப்பேறு என்று வரும்போது இறங்குகிறது. ஜப்பானிலும் கொரியாவிலும் பிள்ளைகள் வளர்ந்தபின் பல பெண்கள் வேலைக்குத் திரும்புவதால் கோடு மீண்டும் ஏறும். இங்கே இறங்கிய கோடு ஏறுவதில்லை.

சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் தனியார் துறையில் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தந்தையருக்கு 7 நாள் விடுப்பு வந்தது. நெகிழ்வான வேலை நேரம் கேட்டு விண்ணப்பித்தால், முதலாளி 60 நாளுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். வரவேற்கத்தக்க மாற்றங்கள்தான். ஆனால், 98-க்கும் 7-க்கும் உள்ள இடைவெளி, பிள்ளை வளர்ப்பு தாயின் வேலை என்பதையே உறுதிப்படுத்துகிறது. மகப்பேறு விடுப்புச் சம்பளத்தை முதலாளியே ஏற்பதால், இளம் பெண்ணைச் சேர்க்கச் சிலர் தயங்கவும் கூடும். வியட்நாமைப் போல சமூகக் காப்புறுதி நிதியிலிருந்து அதைத் தந்தால் அந்தத் தயக்கத்துக்கு இடமிராது. மேலும், விடுப்பு முடியும்போது குழந்தைக்கு மூன்று மாதம்தான். அதன் பிறகு? கட்டுப்படியாகும் கட்டணத்தில், வேலையிடத்துக்கு அருகில் பராமரிப்பு மையம் இல்லையென்றால் எந்தச் சட்டமும் பாதி வழியில் நின்றுவிடும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அக்கா வேலையை விடலாமா என்று வீட்டில் கணக்குப் போட்டபோது நானும் உட்கார்ந்திருந்தேன். பராமரிப்பு மையக் கட்டணத்தை அக்காவின் சம்பளத்திலிருந்து கழித்துவிட்டு, மிஞ்சுவது சொற்பம் என்று முடிவுசெய்தோம். பிள்ளை இருவருக்கும்தானே? அத்தானின் சம்பளத்திலிருந்து பாதியைக் கழிக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்கா இழந்த சேமநிதிச் சந்தாவும் பதவி உயர்வும் அந்தத் தாளில் ஏறவே இல்லை.

இளைஞர்களே, நாளை உங்கள் வீட்டிலும் இந்தக் கணக்கு வரும். அப்போது இரண்டு சம்பளத்தையும் ஒரே தாளில் எழுதுங்கள். அக்கா இப்போது மீண்டும் வேலைக்கு விண்ணப்பித்து வருகிறார். இம்முறை கணக்கை நாங்கள் சரியாகப் போட வேண்டும்.