பெரிய ஸ்பீக்கர் வேண்டாம், பக்தர்களே

திருவிழா வந்தா உபயகாரர்கள் நம்மள கேட்கிறது, "15 இஞ்ச் ஸ்பீக்கர் ரெண்டு வாங்கித் தரட்டுமா?" நல்ல மனசுதான். ஆனா நம்ம மண்டபம் டைல்ஸ் தரை, சிமெண்ட் கூரை. தூரம் 2 மடங்கானா ஸ்பீக்கர்லேருந்து நேரா வர்ற சத்தம் 6 டெசிபல் குறையும், எதிரொலி குறையாது. அப்புறம் ஓதுவார் பாடுற தேவாரம் பின்வரிசைப் பாட்டிமாருக்கு எப்படிப் புரியும்? வால்யூமைக் கூட்டினா எதிரொலியும் சேர்ந்து கூடும்.

தூணுக்குத் தூண் ஒல்லியான காலம் ஸ்பீக்கர் மாட்டி, ஆள் உட்கார்ற பக்கம் சாய்ச்சு, மெதுவா வெச்சாலே போதும். (நாதஸ்வரம், தவிலுக்கு மைக்கே வேணாம்ங்கிறது நம்ம கட்சி!) கூரை மேல இருக்குற ஹார்னையும் இறக்கிடுவோம். பிரிக்பீல்ட்ஸ்ல சுத்தி அடுக்குமாடி. ராத்திரி ஷிப்ட் முடிச்சுத் தூங்குறவங்கள்ல நம்ம ஆளுங்களும் இருக்காங்க.

உபயம் தர்றவங்க ஒரு நாள் பூசைக்கு வந்து, கடைசி வரிசையில உட்கார்ந்து கேட்டுட்டு அப்புறம் கடைக்குப் போங்க.