கடல் தாண்டும் பாடம் சேரிக்கும் வரட்டும்

ரோபோ செய்யக் கற்ற பள்ளி மாணவர்கள், வேறொரு நாட்டில் புதிதாகத் தொடங்கும் மாணவர் அணிக்கு வழிகாட்டுகிறார்கள். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989இல் நிறுவிய 'ஃபர்ஸ்ட்' அமைப்பின் போட்டிகளில் இது வழக்கமாகிவிட்டது. 1992இல் 28 அணிகளுடன் தொடங்கிய போட்டி அது. இன்று பல நாடுகளில் ஆயிரக்கணக்கான அணிகள் இருக்கின்றன.

அதன் ஏற்பாடு ஒன்று நம் கவனத்துக்குரியது. அங்கே மிக உயர்ந்த விருது, ஆட்டத்தில் ஜெயித்த ரோபோவுக்குப் போவதில்லை. அறிவியலைப் பிறரிடம் கொண்டுசேர்த்த, புதிய அணிகளைக் கைதூக்கிவிட்ட அணிக்கே 'இம்பாக்ட்' விருது கிடைக்கிறது. அதனால் தெரிந்ததை ஒளித்துவைப்பதில் லாபமில்லை. மதிப்பெண் பந்தயத்துக்குப் பேர்போன நாமக்கல், ராசிபுரம் உறைவிடப் பள்ளிகள், பக்கத்தில் இருப்பவனை முந்துவதே படிப்பு என்று நமக்குப் பழக்கியிருக்கின்றன. இது அதற்கு நேர் எதிர்ப்பாடம்.

ஆனால், இந்தக் கை யார்வரை நீள்கிறது? ஃபர்ஸ்டின் பெரிய போட்டியில் ஓர் அணி பதிவுசெய்யவே சுமார் 6,000 டாலர் வேண்டும். நம் பணத்தில் ஐந்து லட்சம் ரூபாய். விமானச் செலவு தனி. இதைத் தாங்கும் வீடுகள் எவை என்று நமக்குத் தெரியும். 2017இல் வாஷிங்டனில் நடந்த 'ஃபர்ஸ்ட் குளோபல்' போட்டிக்குச் செல்ல ஆப்கானிஸ்தான் மாணவிகளுக்கு இருமுறை விசா மறுக்கப்பட்டது. உலகம் குரல் கொடுத்த பிறகே கதவு திறந்தது. நம் பிள்ளைகளைத் தடுக்கும் எல்லைக்கு விசாவும் கிடையாது. அது ஊருக்கும் சேரிக்கும் நடுவே இருக்கிறது.

பள்ளிக்குள்ளும் அந்த எல்லை உண்டு. 2023இல் நாங்குநேரியில் தலித் மாணவரை உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை தந்தது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் தனித்து நிற்காமல் பள்ளிக்கல்வித் துறையின்கீழ் வரவேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

வெளியிலிருந்து வரும் கையைப் பற்றிக்கொள்வது நமக்குப் புதிதல்ல. 1894இல் அமெரிக்கரான கர்னல் ஆல்காட் சென்னை அடையாறில் நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். அந்த முயற்சியில் அயோத்திதாசப் பண்டிதர் உடன் நின்றார். பத்தாவது படித்த அக்கா ஐந்தாவது படிக்கும் தம்பிக்குச் சொல்லித்தரும் அம்பேத்கர் இரவுப் பாடசாலைகளும் வழிகாட்டும் அணிகள்தாம்.

கைத்திறனுக்கும் நம்மிடம் பஞ்சமில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போகின்றன. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகள் நிறைந்திருக்கின்றன. அங்கெல்லாம் வெல்டிங் பிடிக்கும் கைகளில் நம் பிள்ளைகளின் கைகளும் உண்டு. எச்சரிக்கை வேண்டியதும் இங்கேதான். கலப்பு அணி அமைந்தால், 'நீ போல்ட்டை முடுக்கு, நான் புரோகிராம் எழுதுகிறேன்' என்று வேலை பிரிந்துவிடக் கூடாது. சாதி உழைப்பாளிகளையே பிரித்து அடுக்கியிருக்கிறது என்று விளக்கினார் அம்பேத்கர். அந்த அடுக்கு ரோபோ மேசைமேலும் ஏறும். வேலைகளை முறை மாற்றிக் கொடுப்பதை விதியாக்க வேண்டும்.

அரசுப் பள்ளிகளில் ஐந்தாண்டுகளில் 50,000 அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் அமைக்கப்படும் என்று 2025 ஒன்றிய பட்ஜெட் அறிவித்தது. 2016இல் தொடங்கிய இத்திட்டத்தில் ஓர் ஆய்வகத்துக்கு 20 லட்சம் ரூபாய்வரை மானியம் உண்டு. சேலம், நாமக்கல் மாவட்டங்களுக்கு வரும் ஆய்வகங்களில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கு முதல் பங்கு வேண்டும். ஏற்கெனவே ஆய்வகம் உள்ள பள்ளிகளும் சேலம் அரசு பொறியியல் கல்லூரி மாணவர்களும் ஆளுக்கொரு பள்ளியை ஓராண்டாவது கூடவே இருந்து வளர்க்கட்டும். ஒருநாள் முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொண்டு போவது வழிகாட்டுதல் ஆகாது. ஆய்வகச் சாவி மாணவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பெற்றோர் இதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள். கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். மாணவர்களே, உங்கள் பள்ளிக்கு ஆய்வகம் வந்தால், அடுத்த ஊர்ப் பள்ளிக்குக் கற்றுக்கொடுக்கும் முதல் அணியாக நீங்கள் இருங்கள்.