விடுதியான வீடுகள்

ஓட்டல் என்றதும் நமக்கு இட்டலியும் காப்பியும் நினைவுக்கு வருகின்றன. பிரஞ்சுக்காரருக்கோ அச்சொல் பெரிய மாளிகை எதையும் குறிக்கும். பாரிசு நகரின் 'ஒத்தேல் தியூ' பல நூற்றாண்டுப் பழமையுள்ள மருத்துவமனை. நம் புதுவைக் கடற்கரையிலுள்ள 'ஒத்தேல் தெ வீல்' நகராட்சி மன்றக் கட்டடம்; ஊரார் வாயில் அது 'மேரி'. அங்கே அறை கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு ஒருவர் நுழைந்தால் அவரை நாம் நகைக்க வேண்டியதில்லை. ஓட்டலும் ஆஸ்பத்திரியும், விருந்தினரை ஏற்றல் என்னும் பொருளுள்ள ஒரே இலத்தீன் வேரிலிருந்து பிறந்த உடன்பிறப்புகளே.

விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு புதுவைக்கு வந்து, பழைய மாளிகை விடுதி ஒன்றில் தங்கி ஊரின் தொன்மையைக் காண விரும்புவோர் இன்று பெருகியுள்ளனர். வாடகை கொஞ்சம் மிகுதிதான். நடுத்தரக் குடும்பத்துக்கு ஓர் இரவே போதும் போதும் என்றாகிவிடும். ஆயினும் அவ்விடுதிகளைப் பணக்காரர் விளையாட்டு என்று ஒதுக்கிவிட இயலாது. ஏன் என்பதற்கு மேரியின் கதையே விடை கூறும்.

1870-71ஆம் ஆண்டுகளில் எழும்பிய அக்கட்டடம் நெடுங்காலம் பழுது பார்க்கப்படாமல் நின்றது. அறிந்தவர்கள் எச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். 2014 நவம்பர் 29ஆம் நாள், மழைக்கு நடுவே அது இடிந்து விழுந்தது. பின்னர் உலக வங்கியின் நிதியுதவியோடு பழைய தோற்றத்திலேயே புதிதாகக் கட்டி, 2021இல் திறந்தார்கள். இன்று நாம் காணும் மேரி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பாட்டியின் சேலையை அணிந்த பேத்தி, பாட்டி போய்விட்டாள்.

இதற்கு நேர்மாறான ஒன்றைக் காண வேண்டுமானால் ரொமேன் ரோலண்ட் வீதிக்குச் செல்க. அங்கே 'ஒத்தேல் தெ லோரியான்' என்னும் பழைய மாளிகை பிரஞ்சு ஆட்சியில் கல்வித்துறை அலுவலகமாக இருந்தது. அதைச் செப்பனிட்டு 2000ஆம் ஆண்டில் விடுதியாகத் திறந்தபோது, 'பொதுக் கல்வி' என்று பொருள்படும் பழைய பிரஞ்சுப் பெயர்ப்பலகையை அகற்றாமல் விட்டுவைத்தனர். கோப்புகள் அடுக்கியிருந்த கூடத்தில் விருந்தினர் உணவருந்தினர். மாளிகை பிழைத்தது.

இத்தகைய கட்டடங்களுக்கு வயது என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1674இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே பிரஞ்சுக் குடியேற்றத்தை நிலைநாட்டினார். 1693 முதல் 1699 வரை ஊர் ஒல்லாந்தர் கையில் இருந்தது. நூல் பிடித்தாற்போல் ஒன்றையொன்று நேராக வெட்டிச்செல்லும் வீதிகளின் அமைப்புக்கு அவர்கள் வரைந்த திட்டமே அடிப்படை. 1761இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினர். துய்ப்ளேக்சின் அரண்மனையும் அப்போது தப்பவில்லை. 1765க்குப் பிறகே லா தெ லோரிஸ்தோன் என்ற ஆளுநரின் காலத்தில் ஊர் மீண்டும் எழுந்தது. ஆகவே இங்கு வெள்ளை நகரத்தில் 'பழையது' என்று நாம் வியப்பவற்றுள் பெரும்பாலானவை அந்த அழிவுக்குப் பிந்தியவை.

விடுதியில் தங்குவோர் பலர் வெள்ளை நகரத்து மஞ்சள் சுவர்களின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே பத்து நிமிடம் நடக்க அவர்களுக்கு மனமில்லை. ஊரின் மறுபாதியோ அங்கேதான் இருக்கிறது. ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையைப் பாருங்கள். கீழே மரத்தூண்கள் நிற்கும் தமிழ் முற்றம்; மேலே வெண்ணிறத் தூண்களோடு பிரஞ்சு மாடி. துபாஷியாக இரு மொழிகளுக்கிடையே வாழ்ந்தவரின் வீடும் இரு மொழி பேசுகிறது. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிவைத்த நாட்குறிப்பு அக்காலத்துப் புதுவையை நமக்குத் தந்தது.

மிஷன் வீதியில் 1791இல் கட்டி முடிக்கப்பட்ட நம் பேராலயத்தை, சம்பா கோவிலை, வந்தவர் அனைவரும் காண்கின்றனர். அதனை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயிலைப் பிரஞ்சு ஆட்சியினர் 1748இல் இடித்ததையும் பிள்ளை அந்நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். பேராலயத்தின் அழகைப் பிள்ளைகளுக்குக் காட்டும் பெற்றோர் இதையும் மறைக்காமல் கூறுவது நல்லது. பெருமைக்குரியதை மட்டும் பொறுக்கி எடுத்தால் அது வரலாறாகாது.

தமிழ்ப் பகுதியின் வீட்டுக்குத் தெருவை நோக்கித் திண்ணை உண்டு. அதற்கும் முன்னே மரக்கால்கள் தாங்கும் தாழ்வாரம் உண்டு. வெயிலில் வருபவர், மழைக்கு ஒதுங்குபவர், வழிப்போக்கர் எவராயினும் யாரையும் கேளாமல் அங்கே அமரலாம். வாடகையில்லாத விடுதி அது! தெரு முழுவதும் தாழ்வாரங்கள் தொடர்ந்திருந்த காலத்தில் நடப்பவருக்கு நிழல் அறுபடவில்லை. வைசியாள் வீதியில் அந்தத் தோற்றத்தின் ஒரு பகுதி மீண்டிருக்கிறது. இன்டாக் என்னும் மரபுப் பாதுகாப்பு அமைப்பு, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு அவ்வீதி வீடுகளின் முகப்புகளைச் செப்பனிட்டது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருதும் கிடைத்தது. பெருமாள் கோயில் வீதியில் பழைய செட்டியார் வீடொன்று 'மேசோன் பெருமாள்' என்ற விடுதியாகியுள்ளது. வெள்ளை நகரத்தில் தங்கப் பணம் வைத்திருப்போர், ஓர் இரவையேனும் இப்பக்கத்துக்குக் கொடுக்கலாமே என்பது என் எண்ணம்.

ஏனெனில் இழப்பு இங்கேதான் மிகுதி. 1990களில் ஊரில் ஏறக்குறைய 1,800 மரபுக் கட்டடங்கள் பட்டியலிடப்பட்டன. பதினைந்து ஆண்டுகள் கழியுமுன் அவற்றுள் மூன்றில் ஒரு பங்கு மறைந்துவிட்டது. இடித்தவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. தந்தை மறைகிறார், நான்கு பிள்ளைகளுக்கு ஒரு முற்றம். முற்றத்தை நான்காக வெட்ட முடியாது, மனையை வெட்டலாம். ஒருவர் சென்னையில், ஒருவர் பிரான்சில். வீட்டில் எஞ்சியிருப்பவருக்கு ஒழுகும் கூரையைச் சீர்செய்ய வசதியில்லை.

கூரையைச் சீர்செய்வதும் எளிதன்று. மெட்ராஸ் டெரஸ் என்று கொத்தனார்கள் கூறும் தளத்தில், மர விட்டங்களின்மேல் சிறு செங்கற்களைக் குத்துக்கல்லாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தினால் பிணைப்பார்கள். சுண்ணாம்பு மூச்சு விடும் பொருள். சுவர் குடித்த ஈரத்தை வெயிலில் வெளிவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசிவிட்டால் ஈரம் உள்ளேயே சிறைப்படுகிறது. சுவரின் உப்புப் பூத்துச் செங்கல் பொடிகிறது. விட்டத்தின் முனை உளுக்கிறது. நல்லெண்ணத்தோடு செய்த சிமெண்டுப் பூச்சே பல வீடுகளுக்கு எமனாயிற்று. சுண்ணாம்பை ஊறவைத்து அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்களும் அருகிவிட்டனர். விடுதிகள் செய்துள்ள பெரிய உதவி, அவ்வேலைக்குக் கூலி கொடுத்து அக்கைத்தொழிலை உயிரோடு வைத்திருப்பதே. குடும்பம் வெளியேறிய பின்னரே வீடு காப்பாற்றப்படுகிறது என்னும் வருத்தம் எனக்கு உண்டு. எனினும் பூட்டிய வீட்டைவிட விருந்தினர் உறங்கும் வீடு மேல்.

ஊரைப் பார்க்க வருவோருக்கு மற்றொரு திசையையும் சொல்ல வேண்டும். வெள்ளை நகரத்திலிருந்து தெற்கே மிதிவண்டியில் சென்று வரும் தொலைவில் தேங்காய்த்திட்டு உள்ளது. திட்டு என்றால் நீரிடையே உயர்ந்த நிலம். அரியாங்குப்பம் ஆறு கடலோடு கலக்கும் அவ்விடத்தில் மீன்பிடித் துறைமுகமும் அலையாத்திக் காடும் உண்டு. பயணிகள் அங்கே அவ்வளவாக எட்டிப்பார்ப்பதில்லை. ஆற்றின் மறுகரையிலோ அரிக்கமேடு! 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது உரோமானியரின் மட்கலங்களும் மதுச் சாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. மர்த்தேன் வருவதற்கு ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வாற்றங்கரை வெளிநாட்டாருக்கு வழக்கமான துறையாக இருந்தது.

அம்மேட்டில் செங்கல் சுவர்கள் சில இன்னும் நிற்கின்றன. அவை உரோமானியர் காலத்தன அல்ல. சீயத்தில் போர் மூண்டதால் வெளியேறி, கம்போடியக் கரையிலும் தாக்குண்டு ஓடிவந்த குருமட மாணவர்களுக்கு 1770இல் இப்பகுதியில் இடம் கிடைத்தது. அவர்களை நடத்தியவர், பின்னர் ஆயரான பிஞ்ஞோ தெ பெஹேன். மாணவர் சிலரின் துணையோடு அவர் வியட்நாமிய-இலத்தீன் அகராதி ஒன்றை இங்கிருந்தபோதே தொகுத்தார். மரங்கள் சூழ்ந்த அச்சுவர்களுக்குக் கூரை இல்லை. செல்வோர் குடையும் குடிநீரும் எடுத்துச் செல்வது நன்று.