யாருக்கு லாபம்?

உற்பத்தியை ஒப்பந்த ஆலைகளிடம் விட்டுவிட்டால் ஆர்டர் கூடும்போது ஆளைக் கூட்டலாம், குறையும்போது குறைக்கலாம், விநியோகச் சங்கிலி எப்போதும் நெகிழ்வாக இருக்கும், இதில் எல்லோருக்கும் லாபம் என்று எழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். எல்லோருக்கும் லாபம் என்பது அப்பட்டமான பொய்.

சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூரைப் பார்ப்போம். 2006-ல் அங்கே உற்பத்தி தொடங்கியது நோக்கியா. 2014 ஏப்ரலில் அதன் கைபேசித் தொழில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது, வருமான வரி வழக்கால் இந்த ஆலை மட்டும் விற்பனையில் சேரவில்லை. அன்றுமுதல் அது மைக்ரோசாஃப்டுக்குக் கைபேசி செய்துகொடுக்கும் ஒப்பந்த ஆலை. கட்டுரையாளர் மெச்சும் அதே ஏற்பாடு எத்தனை நாள் நீடித்தது? ஆறு மாதம். மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தத்தை முறித்தது, நவம்பர் 1 அன்று ஆலை நின்றது. ஆயிரக்கணக்கானோர் அதற்கு முன்பே விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். நோக்கியா ஆர்டரை நம்பி அதே வளாகத்தில் இயங்கிய ஒப்பந்த உற்பத்தி நிறுவனமான ஃபாக்ஸ்கானும் டிசம்பரில் உற்பத்தியை நிறுத்தியது.

வரி வழக்குதானே காரணம் என்பார் கட்டுரையாளர். ஆலை கைமாறாததற்குத்தான் அது காரணம். ஆர்டரை நிறுத்தியது மைக்ரோசாஃப்ட். வேலையிழந்தவர்கள் அதன் ஊழியர்களே அல்ல என்பதால் அவர்களுக்கு அது பதில் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. இந்தப் பொறுப்பின்மைக்குத்தான் நெகிழ்வு என்று பெயர் சூட்டுகிறார்.

ஆர்டர் நிற்கும்போது மட்டுமல்ல, ஆலை ஓடும்போதும் இதே கதைதான். 2021 டிசம்பரில், ஆப்பிளுக்கு ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள், விடுதிச் சாப்பாடு விஷமாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்ந்த பிறகு, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். விடுதித் தரையில் படுத்துறங்கிய பெண்களுக்கும் ஆப்பிளுக்கும் நடுவில் ஃபாக்ஸ்கான், ஆள் பிடிக்கும் ஏஜென்சி, விடுதி நடத்தும் கான்ட்ராக்டர் என்று எத்தனை பேர்! மறியலுக்குப் பிறகே சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது.

ஆர்டர் ஏறும் இறங்கும், மறுக்கவில்லை. இறங்கும்போது வரும் நஷ்டத்தை சொற்பச் சம்பளம் வாங்கும் பெண்ணின் தலையில் கட்டிவிட்டு, அதைத் திறமையான நிர்வாகம் என்று புகழ்வதைத்தான் ஏற்க முடியாது. ஆர்டர் தரும் நிறுவனத்தையும் வேலையளிப்பவராகச் சட்டம் பொறுப்பாக்க வேண்டும். ஆர்டரை நிறுத்தினால் நோட்டீஸ் காலச் சம்பளத்தை அந்த நிறுவனமே தர வேண்டும்.