பாம்பன் மாணவிக்கு பிளஸ் டூவில் 'சமூகவியல்' கிடைக்காதது ஏன்? முழு விளக்கம்

மே மாதம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தாச்சு. பாம்பனில் விசைப்படகுகள் நங்கூரம் போட்டு நிற்கின்றன. காரணம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அரசு தரும் தடைக்கால நிவாரணம் ஒரு குடும்பத்துக்கு 8,000 ரூபாய். படகை நம்பியிருக்கும் வீடுகளில் கை காய்ந்து கிடக்கும் அந்த நாட்களில்தான், "பிளஸ் ஒன்ல என்ன குரூப் எடுக்கப் போற?" என்ற கேள்வியும் வந்து நிற்கும்.

அறிவியல், கணினி, வணிகவியல், வரலாறு என்று பல வழிகள் உண்டு. ஆனால், தன் ஊர் ஏன் இப்படி இருக்கிறது என்று ஆராய்ச்சி பண்ணிப் படிக்க ஒரு மாணவி ஆசைப்பட்டால்? அதற்கான பாடம் 'சமூகவியல்'. தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தின் மேல்நிலை வகுப்புகளில் அந்தப் பாடம் இல்லை. ஏன் இல்லை, இல்லாததால் என்ன இழப்பு, இப்போதைக்கு என்ன வழி? பார்க்கலாம்.

சமூக அறிவியல் வேற... சமூகவியல் வேற!

பலரும் இரண்டையும் ஒன்று என்றே நினைக்கிறார்கள். பத்தாம் வகுப்பு வரை படிக்கும் 'சமூக அறிவியல்' என்பது வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கும் சேர்ந்தது. சமூகவியல் தனித் துறை. குடும்பம், சாதி, வர்க்கம், மதம், பாலினம், வேலை, இடப்பெயர்வு ஆகியவை மனிதர்களின் வாழ்க்கையை எப்படித் தீர்மானிக்கின்றன என்பதை நேரில் பார்த்து, கேட்டு, கணக்கெடுத்து ஆராய்வது அதன் வேலை.

மற்ற இடங்களில் நிலைமை என்ன?

சிபிஎஸ்இ-யில் 11, 12-ஆம் வகுப்புகளுக்கு சமூகவியல் விருப்பப் பாடமாக இருக்கிறது. 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 20 மதிப்பெண் செய்முறை. இங்கே செய்முறை என்றால் ஆய்வகம் இல்லை. தெருவில் இறங்கிக் கள ஆய்வு செய்வது. பக்கத்து மாநிலங்களான கேரளாவின் ஹையர் செகண்டரியிலும், கர்நாடகாவின் பியுசி-யிலும் மாநிலப் பாடத்திட்டத்திலேயே சமூகவியல் உண்டு.

தமிழ்நாட்டில் 2018-19-இல் பிளஸ் ஒன்னுக்கும், 2019-20-இல் பிளஸ் டூவுக்கும் புதிய பாடநூல்கள் வந்தன. அரசியல் அறிவியல், அறவியலும் இந்தியப் பண்பாடும், மனையியல் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சமூகவியல் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. இந்தியச் சமூகவியலின் முக்கியமான நூல்களில் ஒன்று, ஆந்த்ரே பெத்தேய் 1965-இல் வெளியிட்ட 'சாதி, வர்க்கம், அதிகாரம்'. அது முழுக்க தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் நடந்த ஆய்வு. உலகமே தமிழ்க் கிராமத்தை வைத்து சமூகவியல் படிக்கிறது. அரசுப் பள்ளியில் படிக்கும் தமிழ்க் கிராமத்துப் பிள்ளைக்கு மட்டும் அந்தப் பாடம் இல்லை.

பாம்பனுக்கு இது ஏன் முக்கியம்?

ஒரே ஒரு உதாரணம் போதும். பாம்பனை ஒட்டிய சின்னப்பாலம் பெண்கள் தலைமுறை தலைமுறையாக, தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடல்பாசி எடுப்பவர்கள். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டன. அதன்பின் கட்டுப்பாடுகள் வந்தன. வனத்துறையுடன் மோதலும் வந்தது. பெண்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். மாதத்தில் இத்தனை நாள்தான் பாசி எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு, 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது.

இதையே ஒவ்வொரு பாடமும் எப்படிப் பார்க்கும்? உயிரியல், பாசியின் வகையைச் சொல்லும். பொருளியல், அதன் விலையைச் சொல்லும். சமூகவியல் கேட்கும் கேள்விகள் வேற. மூழ்குவது பெண் என்றால் விலையை முடிவு செய்வது யார்? 'மீனவர்' என்று சொன்னதும் நம் மனதில் ஆண் மட்டும் வருவது ஏன்? கடலைக் காப்பாற்றும் சட்டத்தின் சுமை யார் தலையில் விழுகிறது? சட்டம் சொல்லாமலே அந்தப் பெண்களால் ஒரு கட்டுப்பாட்டை எப்படிக் கொண்டுவர முடிந்தது?

பாம்பன் பிள்ளைகளுக்கு இதெல்லாம் புதுசு இல்லை. வீட்டில் தினமும் காதில் விழும் பேச்சுதான். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியிலிருந்து கிளம்பிய குடும்பங்கள், மண்டபம் முகாமில் வாழும் இலங்கைத் தமிழர்கள், இலங்கைக் கடற்படை கைது செய்தால் கரையில் தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் என்று அந்தப் பேச்சு நீளும். அந்தப் பேச்சைக் கேள்வியாக்கி, ஆதாரம் தேடி, பதில் எழுதும் பயிற்சிதான் இப்போது இல்லை.

அப்புறம் ஏன் கொண்டுவரவில்லை?

புதுப் பாடம் என்பது ஒரு அறிவிப்போடு முடிகிற விஷயம் இல்லை. பாடநூல் எழுதணும், பொதுத்தேர்வுப் பட்டியலில் சேர்க்கணும், முதுநிலை ஆசிரியர் பணியிடம் உருவாக்கணும். இங்கே ஒரு சுழல் இருக்கிறது. பள்ளியில் பாடம் இல்லாததால் சமூகவியல் ஆசிரியர் பணியிடம் இல்லை. பணியிடம் இல்லாததால், "அதைப் படிச்சா வாத்தியார் வேலைகூட கிடைக்காதே" என்று கல்லூரியிலும் தயக்கம். படிப்பவர்கள் குறைவு என்றால், பாடம் கேட்டு எழும் குரலும் குறைவுதான்.

எதிர்த் தரப்பு வாதத்திலும் நியாயம் இருக்கிறது. சின்ன ஊர்ப் பள்ளியில் ஒரு குரூப்புக்குப் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தால், தனி ஆசிரியர் போடுவது சிரமம். ஆனால் இதற்குத் தனி குரூப் தேவையில்லை. வரலாறு குரூப்பில் இருக்கும் நான்கு பாடங்களில் ஒன்றுக்கு மாற்றாக சமூகவியலை வைக்கலாம். முதலில் சில பள்ளிகளில் தொடங்கிப் பார்க்கலாம். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையால் பிளஸ் ஒன் பொதுத்தேர்வும் போய்விட்டது. கள ஆய்வு மாதிரியான வேலைக்கு இப்போது அந்த வகுப்பில் நேரமும் இருக்கிறது.

இப்போதைக்கு என்ன வழி?

முதல் விஷயம், பிளஸ் டூவில் சமூகவியல் படிக்காதது பி.ஏ. சமூகவியலில் சேரத் தடை இல்லை. அறிவியல் குரூப் மாணவர்களும் சேரலாம். முதுநிலைக்கு சென்னை, பாரதிதாசன், மனோன்மணியம் சுந்தரனார் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களில் துறைகள் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு உயர்கல்வியில் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் உண்டு.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்வில் சமூகவியல் ஒரு பாடம். பள்ளியில் படிக்காத பாடத்தையும் எழுதலாம் என்று 2025 முதல் விதி மாறியிருக்கிறது. ஆனால் இரண்டு வருடம் வகுப்பில் படித்த சிபிஎஸ்இ மாணவரோடு, தானே புத்தகம் வாங்கிப் படித்த மாணவி போட்டி போடணும்.

போட்டித் தேர்வுகளிலும் இதே கதைதான். யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வில் சமூகவியல் விருப்பப் பாடம்; இரண்டு தாள், 500 மதிப்பெண். டிஎன்பிஎஸ்சி குரூப் 1 முதன்மைத் தேர்வில் இந்தியாவின், தமிழ்நாட்டின் சமூகப் பிரச்சினைகள் தனிப் பகுதியாகவே வருகின்றன. ஆக, அதிகாரியாக வர்றவங்களுக்குத் தெரிந்திருக்கணும் என்று அரசே நினைக்கிற ஒரு பாடத்தை, அரசுப் பள்ளி சொல்லித் தருவதில்லை.

பாம்பன் மீனவர்கள் பற்றி ஆய்வு செய்ய வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போகிறார்கள். அந்த வீட்டுப் பெண் பதில் சொல்பவராக மட்டுமே இருக்கணுமா, அடுத்த முறை கேள்வித்தாளைத் தயாரிப்பவராகவும் இருக்கலாமா? பிளஸ் டூ பாடப் பட்டியலில் ஒரு பாடத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற விவாதத்துக்குள் இருக்கும் கேள்வி இதுதான்.