எப்போது கண் விழிப்பார்?

ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டால் என் வயது நண்பர்கள் பலருக்கு ஒரே பயம்: "வலிக்கு மார்ஃபின் மாதிரி மருந்து போட்டால் மயக்கம் தெளியாதாமே? வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?" சொல்லாதீர்கள் என்பதே என் கட்சி.

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு கிளோத் பெர்னார் பழகிய பெயர். 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஆராய்ச்சி செய்த அவர், மார்ஃபின் கொடுத்த விலங்குகளுக்குக் குறைந்த குளோரோஃபார்மே போதும் என்று கண்டார். இன்றும் அதே கணக்குதான். ஃபென்டனில் போன்ற அபின் வகை மருந்து சேர்ந்தால், கத்தி படும்போது உடம்பு அசையாமலிருக்கத் தேவையான செவோஃபுளூரேன் வாயுவின் அளவு பாதியாகக்கூடக் குறையும். குறைவாக உள்ளே போனது விரைவில் வெளியேறும். ஆகவே அளவான வலி மருந்து, சீக்கிரம் கண் விழிக்க உதவவும் செய்யும்.

அளவு மிஞ்சினால் கதை வேறு. அந்த வாயு பெரும்பாலும் மூச்சு வழியாகத்தான் வெளியே வரவேண்டும். அபின் வகை மருந்துக்கோ மூச்சை மந்தமாக்கும் குணம் உண்டு. மூச்சு குறைந்தால் மயக்க வாயு உள்ளே தங்கும், கரியமில வாயுவும் சேரும், விழிப்பு தள்ளிப்போகும். இதை முறிக்க நலாக்சோன் இருக்கிறது. ஆனால் அதைத் தாராளமாகப் போட்டால் வலியும் ஒரேயடியாகத் திரும்பிவிடும்.

நம் வயதில் சிறிய அளவே பெரிதாக வேலை செய்யும். அளவைக் கணிப்பது மயக்க மருந்து டாக்டரின் பொறுப்பு. கணிக்க வேண்டிய விவரத்தைத் தருவது நம் பொறுப்பு. கோப்பில் ஒரு தாள் குறைந்தாலும் உத்தரவு தப்பாகப் போகும் என்பது குமாஸ்தாக்களுக்குத் தெரியும். மூட்டுவலிக்குத் தினமும் போடும் டிரமடால், இரவில் போடும் தூக்க மாத்திரை, குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, சிறுநீரகக் கோளாறு, எல்லாவற்றையும் சொல்லுங்கள். மகன் எதிரில் குடிப்பழக்கத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தால், அவனை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லுங்கள். அந்த வெட்கம் மேசைமேல் படுத்தபின் ஆபத்தாக முடியலாம்.

வெளியே காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. எத்தனை நிமிடத்தில் கண் திறந்தார் என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். மூச்சு நன்றாக இருக்கிறதா, வலி தாங்கும்படி இருக்கிறதா என்று கேளுங்கள்.